நம்ம வீட்டு ஆளுங்களுக்கு பழைய ராக் பாட்ட கேக்க வைக்கிறது எப்படி

பழைய ராக் மேல உயிரா இருக்கறவங்க நம்ம சிங்கப்பூர் தமிழ் ஆளுங்கள்ல நெறைய பேர் இருக்காங்க, ஆனா முக்கால்வாசி பேர் தனியாத்தான் கேக்கறாங்க, எம்ஆர்டில காதுல மாட்டிக்கிட்டு, இல்லன்னா ராத்திரி வீட்ல எல்லாரும் படுத்தப்புறம் ஹால்ல உக்காந்துகிட்டு. மனசுக்குள்ள இத யாருக்காவது போட்டுக் காட்டணும்னு ஆசை இருக்கும். ஃபேமிலி வாட்ஸ்ஆப் குரூப்ல ஒரு லிங்க் போடுவாங்க, கூடவே "லெஜண்ட்"னு ஒரு வார்த்தை, அத்தை ஒரு கும்பிடு போடுவாங்க, அதோட முடிஞ்சது, யாரும் அத திறந்திருக்க மாட்டாங்க. எட்டு நிமிஷ பாட்ட காரணமே சொல்லாம அனுப்பினா யார் திறப்பாங்க சொல்லுங்க.

நான் சொல்ல வர்றது இதுதான். "இவங்க பெரிய ஆளுங்க"ன்னு சொல்லி யாரையும் ஒரு பாட்டுக்குள்ள இழுக்க முடியாது. எதிர்ல இருக்கறவங்க காது ஏற்கெனவே எதுக்குப் பழகியிருக்குன்னு பாத்து, அந்த ஒரு சத்தம் நல்லா கேக்கற பாட்டா எடுத்து, பக்கத்துல உக்காந்து கூடவே கேக்கணும். ஆள்தான் முதல்ல, பாட்டு அப்புறம். மத்ததெல்லாம் இதுலேருந்து வர்றதுதான்.

நம்ம ஆளுங்க காது ஒண்ணும் சாதாரண காது இல்லைங்க. 80கள்ல இளையராஜா பாட்டு கேட்டு வளந்த யாரையாவது எடுத்துக்குங்க, அவங்களுக்கு பேஸ் கிட்டார்னு பேர் தெரியாம இருக்கலாம், ஆனா பாடற மெட்டுக்கு அடியில இன்னொரு மெட்டு தனியா ஓடறத கேட்டுக் கேட்டு காது தயாரா இருக்கு. அப்படிப்பட்ட சித்தப்பாவுக்கு பீட்டில்ஸோட 'சம்திங்' போடுங்க. 1969ல வந்த 'ஆபி ரோட்' ஆல்பம், பாட்டு ஜார்ஜ் ஹாரிசன் எழுதினது, பேஸ் பால் மெக்கார்ட்னி. முதல் தடவ சும்மா கேக்கட்டும். ரெண்டாவது தடவ, "சித்தப்பா, பாடறவர விட்டுடுங்க, அடியில ஒருத்தர் வாசிக்கிறார் பாருங்க, அவர் பின்னாடியே போங்க"ன்னு மட்டும் சொல்லுங்க. பேஸ் எப்படி ஏறி இறங்கி தனியா ஒரு பாட்டு பாடுதுன்னு புடிச்சாருன்னா, அதுக்கப்புறம் அவரே அடுத்தது கேப்பாரு.

தாளத்துல ஊறினவங்களுக்கு வழி இன்னும் சுலபம், இங்க நான் கொஞ்சம் நீட்டியே சொல்றேன், ஏன்னா நம்ம ஆளுங்களுக்கு ராக் புடிக்கிறதுக்கு இருக்கற பெரிய கதவு இதுதான்னு நான் நம்பறேன். மிருதங்கம் கத்துக்கற பிள்ளைங்க எத்தன பேர் இருக்காங்க இங்க, தைப்பூசத்துக்கு உறுமி மேளம் வாசிக்கிற பையங்க எத்தன பேர். அவங்ககிட்ட பிங்க் ஃபிளாய்டோட 'மணி' பாட்டப் போட்டு, 1973ல வந்த 'த டார்க் சைட் ஆஃப் த மூன்' ஆல்பம், "தம்பி, இது எத்தன அடி, எண்ணிச் சொல்லு"ன்னு கேளுங்க. வேற ஒரு வார்த்தையும் வேணாம். ஆரம்பத்துல காசு விழற சத்தம், கல்லாப்பெட்டி சத்தம், பேப்பர் கிழியற சத்தம்னு வரிசையா சுத்தி சுத்தி வரும் பாருங்க, அது ஏழு சத்தம். அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் கிடையாது, டேப்ப துண்டு துண்டா அளந்து வெட்டி ஒட்டி ஒரு வளையமா ஓட விட்டிருக்காங்க. மேல வர்ற பேஸும் ஏழு. மிஸ்ர சாபு போட்டுப் பழகின கை தானா எண்ண ஆரம்பிச்சிடும், உள்ள பிரியற விதம் அப்படியே நம்மளது மாதிரி இருக்காது, ஆனா ஏழு ஏழுதான். சாக்ஸபோன் வாசிக்கும்போதும் ஏழு ஓடும், கிட்டார் சோலோ வந்ததும் நாலுக்கு மாறும், அந்த எடத்துல பையன் முகத்த பாருங்க. சோலோ முடிஞ்சு திரும்ப ஏழுக்கு வர்ற எடத்துல அவனே கைய தட்டி பாட்டுக்குள்ள வந்துடுவான். அதே மாதிரி ஜெத்ரோ டல் வாசிச்ச 'லிவிங் இன் த பாஸ்ட்', 1969, அது அஞ்சு, கண்ட சாபு தெரிஞ்சவங்களுக்கு அத குடுங்க, புல்லாங்குழலும் இருக்கு.

அடுத்தது லெட் செப்பெலின் 'காஷ்மீர்', 1975. கிட்டார் மூணு மூணா சுத்துது, டிரம்ஸ் நாலு நாலா நேரா அடிக்குது, பன்னெண்டு அடிக்கு ஒருதடவ ரெண்டும் ஒரே எடத்துல வந்து விழும். ஒரு கையில மூணும் இன்னொரு கையில நாலும் போட்டுக் காட்டுங்க, இல்லன்னா நீங்க மூணு போடுங்க, அவங்கள நாலு போடச் சொல்லுங்க, பாட்டு ஓட ஓட ரெண்டு பேரும் ஒண்ணா விழற எடத்துல ஒரு சிரிப்பு வரும் பாருங்க, அந்த சிரிப்பு வந்தாச்சுன்னா வேல முடிஞ்சது. உறுமி பையங்களுக்கு லெட் செப்பெலினோட 'மோபி டிக்' கூட நல்லா சேரும், அவங்க டிரம்மர் ஜான் பான்ஹம் குச்சிய கீழ வச்சுட்டு வெறுங்கையால டிரம்ஸ் அடிக்கிற பாட்டு. கையால தோல அடிக்கிறதோட சூடு என்னன்னு அவங்களுக்கு நாம சொல்லித் தர வேண்டியதில்ல.

கர்நாடக சங்கீதம் கேக்கற அத்தைக்கு மேல சொன்ன அதே பிங்க் ஃபிளாய்ட் ஆல்பத்துல 'த கிரேட் கிக் இன் த ஸ்கை'. வார்த்தையே இல்லாம கிளேர் டோரின்னு ஒரு அம்மா குரல மட்டும் வச்சு ஏறி, உடைஞ்சு, அடங்கி வர்ற பாட்டு. ஆலாபனைக்கு வார்த்தை வேணாம்னு ஏற்கெனவே தெரிஞ்சவங்களுக்கு இது அந்நியமாவே இருக்காது. அன்னைக்கு அவங்களுக்குக் குடுத்த சம்பளம் 30 பவுண்டு, பல வருஷம் கழிச்சு கேஸ் போட்டு 2005லதான் பாட்ட உருவாக்கினவங்கள்ல ஒருத்தர்னு பேர் வந்துச்சு. இத பாட்டு கேட்டு முடிச்சப்புறம் சொல்லுங்க, முன்னாடி சொல்லாதீங்க.

பாட்டிக்கு யோசிக்கவே வேணாம், ஜார்ஜ் ஹாரிசன் 'மை ஸ்வீட் லார்ட்', 1970. ஆரம்பத்துல அல்லேலூயான்னு வரும், போகப் போக ஹரே கிருஷ்ணா ஆயிடும், கடைசிப் பக்கம் "குருர் ப்ரஹ்மா குருர் விஷ்ணு" ஸ்லோகமே வரும். புரட்டாசி சனிக்கிழமை தவறாம செராங்கூன் ரோடு பெருமாள் கோயிலுக்குப் போற பாட்டி, வெள்ளக்காரர் ஒருத்தர் அந்த ஸ்லோகத்த பாடறத கேட்டா நிமிந்து உக்காருவாங்க. ஸ்லோகம் வர்றத முன்கூட்டியே சொல்லிடாதீங்க, அவங்களே கண்டுபுடிக்கட்டும்.

முதல்ல போடக் கூடாதது எதுன்னும் சொல்லிடறேன். உங்களுக்கு ரொம்பப் புடிச்ச பாட்ட முதல்ல போடாதீங்க. அந்தப் பாட்டுக்குள்ள உங்க பத்து இருபது வருஷம் இருக்கு, அவங்களுக்கு அது கிடையாது, அவங்க சும்மா "ம், நல்லாருக்கு"ன்னு சொன்னாலே உங்களுக்கு மனசு நொந்துபோகும், அது அவங்க தப்பும் இல்ல. இருபது நிமிஷத்துக்கு மேல போற பாட்டும் வேணாம், லைவ் ரெக்கார்டிங்கும் முதல்ல வேணாம். ஸ்டூடியோ பாட்டு, ஆறு ஏழு நிமிஷத்துக்குள்ள.

அப்புறம் எதுல கேக்கறோம்ங்கறது. ஃபோன் ஸ்பீக்கர்ல தயவுசெஞ்சு போடாதீங்க. பேஸ் கிட்டார்ல கீழ்க் கம்பி 41 ஹெர்ட்ஸ் கிட்ட ஒலிக்குது, கட்ட விரல் அளவு ஸ்பீக்கர் அந்த சத்தத்த வெளிய கொண்டு வரவே முடியாது, சித்தப்பாவ பேஸ் பின்னாடி போகச் சொல்லிட்டு பேஸே கேக்காத எடத்துல உக்கார வச்சா எப்படி. சாதாரண புளூடூத் ஸ்பீக்கர் கொஞ்சம் பெருசா இருந்தா போதும், ஹெட்ஃபோன் இருந்தா இன்னும் நல்லது. புளோக் வீட்ல இருக்கோம், ராத்திரி பத்து மணிக்கு மேல ஹெட்ஃபோன் மட்டும்தான், கீழ் வீட்டுக்கு பேஸ் சத்தம்தான் முதல்ல எறங்கும், சுவத்துல தட்டற நிலம வர வேணாம்.

இன்னொரு விஷயம், இது நெறைய பேருக்குத் தெரியறதில்ல. பஸ்ஸுலயோ எம்ஆர்டிலயோ ஒரே இயர்ஃபோன ஆளுக்கு ஒரு காதுன்னு மாட்டிக்கிட்டு கேக்கறோம் இல்லயா, 60கள்ல வந்த பீட்டில்ஸ் பாட்டுல ஸ்டீரியோ பிரிச்ச விதம் வேற மாதிரி, குரல் ஒரு பக்கம் வாத்தியம் இன்னொரு பக்கம்னு இருக்கும், 1965ல வந்த 'ரப்பர் சோல்' ஆல்பத்துல நல்லாத் தெரியும். அப்ப உங்க தங்கச்சி காதுல குரல் மட்டும் கேக்கும், உங்களுக்கு கிட்டார் மட்டும் கேக்கும், ரெண்டு பேரும் வேற வேற பாட்டு கேட்டுகிட்டிருப்பீங்க. ஃபோன் செட்டிங்ஸ்ல அக்செசிபிலிட்டி உள்ள போனா மோனோ ஆடியோன்னு ஒண்ணு இருக்கும், அத ஆன் பண்ணிடுங்க, ரெண்டு காதுக்கும் முழுசா வரும். முடிஞ்சதும் மறக்காம ஆஃப் பண்ணுங்க, ஏன்னா பிங்க் ஃபிளாய்ட் எல்லாம் ஸ்டீரியோ இல்லாம கேக்கறது பாவம்.

பாட்டு ஓடும்போது பேசாதீங்க. இதுதான் எல்லாத்தவிட கஷ்டம். "இதோ இப்ப வருது பாருங்க, இதோ, இங்கதான்"னு சொல்லிக்கிட்டே இருந்தா அவங்க உங்க குரலத்தான் கேப்பாங்க. போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி சொல்லுங்க, எத கவனிக்கணும்னு, அதுக்கப்புறம் வாய மூடிக்கணும். ரொம்ப முக்கியமான எடம் வந்தா விரல தூக்கிக் காட்டினா போதும். அவங்க முகத்தயே உத்துப் பாத்துகிட்டும் இருக்காதீங்க, அது ஒரு மாதிரி பரீட்சை எழுதற நிலமைக்குத் தள்ளிடும். நடுவுல அவங்களுக்கு ஃபோன் வந்தா எடுக்கட்டும், எந்திரிச்சுப் போனா போகட்டும்.

சில பாட்டுக்கு முன்னாடி செஞ்சு காட்டலாம். லெட் செப்பெலின் 'வென் த லெவீ பிரேக்ஸ்', 1971, அதுல டிரம்ஸ் சத்தம் எங்கயோ ஒரு பெரிய குகைக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கும். அது எப்படி வந்துச்சுன்னா, ஹெட்லி கிரேஞ்ச்னு இங்கிலாந்துல ஒரு பழைய வீடு, அந்த வீட்டு மாடிப்படிக்கு அடியில ஹால்ல பான்ஹமோட டிரம்ஸ வச்சு, மைக்க மேல மாடிலேருந்து தொங்க விட்டு எடுத்திருக்காங்க. நம்ம எல்லாருக்கும் புளோக்ல படிக்கட்டு இருக்கே, பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு லிஃப்ட்ட விட்டுட்டு படியில எறங்கிப் போங்க, ஒருத்தர் கீழ நின்னு ஒருதடவ பலமா கை தட்டட்டும், மத்தவங்க ரெண்டு மாடி மேல நின்னு கேளுங்க. சத்தம் எப்படி பெருசாகி நீண்டு மேல வருதுன்னு தெரிஞ்சப்புறம் வீட்டுக்கு வந்து பாட்டப் போடுங்க. முதல் அடியிலயே "இது நம்ம படிக்கட்டு"ன்னு சொல்லும் பிள்ளைங்க. பகல் நேரத்துல செய்ங்க, ஒருதடவ போதும், அக்கம்பக்கத்துல தூங்கற கைக்குழந்தை இருக்கும். அந்தப் பாட்டோட கதையும் சொல்லலாம், 1927ல மிசிசிப்பி ஆத்துல வந்த வெள்ளத்தப் பத்தி மெம்ஃபிஸ் மின்னியும் கான்சஸ் ஜோ மெக்காயும் 1929ல பாடின ப்ளூஸ் பாட்டு அது, இவங்க அத எடுத்து தங்களோட சத்தத்துல திரும்ப பாடினாங்க. கறுப்பின மக்கள் பாடின பாட்டுலதான் இந்த ராக்கோட முக்கியமான வேர் இருக்குன்னு சொல்றத விட்டுடாதீங்க, அத சொல்லாம இந்தப் பாட்டுங்கள அறிமுகப்படுத்தறது நியாயம் இல்ல.

இனி கலைஞர்களப் பத்தி எப்படி சொல்றது. "கடவுள்"னு சொல்லாதீங்க, "இவர மிஞ்ச ஆளே இல்ல"ன்னும் சொல்லாதீங்க. அவங்க கை என்ன வேல செஞ்சுச்சோ அத சொல்லுங்க, மரியாதை தானா வரும்.

எனக்கு டோனி ஐயோமி மேல இருக்கற மரியாதை அப்படி வந்ததுதான். பிளாக் சாபத்ங்கற பேண்டோட கிட்டாரிஸ்ட். பர்மிங்ஹாம்ல தகடு வெட்டற ஃபேக்டரில வேல, வேலய விட்டு நிக்கப் போற கடைசி நாள், 17 வயசு, மெஷின்ல ரெண்டு விரல் நுனி போயிடுச்சு, அதுவும் கம்பிய அழுத்தற கையில, அவர் இடதுகைக்காரர் ஆனதால அது வலது கை. இனிமே வாசிக்க முடியாதுன்னு டாக்டருங்க சொல்லியாச்சு. ஃபேக்டரில மேலதிகாரியா இருந்த ஒருத்தர் அவருக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட் ரெக்கார்ட் ஒண்ண போட்டுக் காட்டினார், தீ விபத்துல ரெண்டு விரல் செயலிழந்தும் வாசிச்ச கிட்டாரிஸ்ட் அவர். அதக் கேட்டப்புறம் இவர் பிளாஸ்டிக் பாட்டில உருக்கி விரலுக்கு மூடி மாதிரி செஞ்சு, தோல் ஒட்டி மாட்டிக்கிட்டு, கம்பிய மெலிசா போட்டு, அப்புறம் சுருதியையும் எறக்கி கம்பிய தளர்த்தி, அப்படித்தான் அந்த கனமான இருட்டுச் சத்தம் இன்னும் கனமாச்சு. இங்க ஜூரோங்குலயும் துவாஸ்லயும் மெஷின்ல வேல பாக்கற நம்ம ஆளுங்ககிட்ட இந்தக் கதைய சொல்லிப் பாருங்க, யாரும் அசட்டையா கேக்க மாட்டாங்க. இன்னொண்ணும் கவனிங்க, அவர் வாழ்க்கையே திரும்பினது ஒருத்தர் ஒரு பாட்ட போட்டுக் காட்டினதாலதான்.

குயின் பேண்ட் கிட்டாரிஸ்ட் பிரையன் மே கதை பிள்ளைங்களுக்கு. 1963லேருந்து அப்பாவும் மகனுமா சேந்து வீட்லயே செஞ்ச கிட்டார், கழுத்துப் பகுதி பழைய கணப்பு மேடை மரம், உள்ள மோட்டார்சைக்கிள் ஸ்பிரிங், அததான் முக்கால்வாசி குயின் பாட்டுல வாசிச்சார், கம்பிய மீட்டறதுக்கு பிளெக்ட்ரம்னு சொல்ற சின்னத் துண்டு வேற இல்ல, பழைய ஆறு பென்ஸ் நாணயம். வானியல் இயற்பியல்ல ஆரம்பிச்ச பிஎச்டிய பாதில விட்டுட்டுப் போய் 2007ல திரும்ப வந்து முடிச்சார். "பாட்டுன்னு போனா படிப்பு போயிடும்"னு சொல்ற மாமாவுக்கு இத சொல்லலாம். குயின் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி பார்சி குடும்பம், சான்சிபார்ல பொறந்து, மகாராஷ்டிரால பஞ்ச்கனி போர்டிங் ஸ்கூல்ல படிச்ச பையன், அங்கதான் முதல் பேண்ட்ல பியானோ வாசிச்சார், இதுவும் நம்ம ஆளுங்க நெறைய பேருக்குத் தெரியாது.

அம்மா அப்பா கேக்கற கேள்வி ஒண்ணு கட்டாயம் வரும், "இவங்கல்லாம் குடிச்சு, போதைப்பொருள் எடுத்து செத்தவங்கதானே?" மழுப்பாதீங்க. ஆமா, பான்ஹம் 1980ல அளவுக்கு மீறி குடிச்சதுல 32 வயசுல போனார், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1970ல தூக்க மாத்திரையால 27 வயசுல போனார். நம்ம ஊர்ல போதைப்பொருள் விஷயத்துல சட்டம் எப்படின்னு எல்லாருக்கும் தெரியும், பெத்தவங்க பயப்படறது நியாயம். அந்த சாவுல ஒரு அழகும் இல்லன்னு பிள்ளைங்க முன்னாடியே சொல்லுங்க, பான்ஹம் போனப்புறம் மத்த மூணு பேரும் அவர் இல்லாம இந்த பேண்ட் வேணாம்னு நிறுத்திட்டாங்கன்னும் சொல்லுங்க. உண்மைய சொன்னா பெத்தவங்களும் கூட உக்காந்து கேப்பாங்க.

"என்ன இருந்தாலும் இது நம்மளது இல்லயே"ன்னு சொல்றவங்க இருப்பாங்க. அவங்ககிட்ட வாதம் பண்ண வேணாம், கடம் வித்வான் விக்கு விநாயக்ராம் பேர சொல்லுங்க. ஜான் மெக்லாஃப்லின்னு இங்கிலாந்து கிட்டாரிஸ்ட், ராக்கும் ஜாஸும் கலந்து வாசிச்சவர், அவர் சக்தின்னு ஒரு குழு ஆரம்பிச்சப்ப கடத்துக்கு நம்ம விக்கு, வயலினுக்கு எல். சங்கர், தபலாவுக்கு ஜாகிர் உசேன், முதல் ஆல்பம் 1976ல வந்துச்சு. கமகம் வரணும்ங்கறதுக்காக மெக்லாஃப்லின் கிட்டாரோட பலகைய கம்பிக்கு அடியில குடஞ்சு பள்ளமாக்கி செஞ்சு வாங்கினார், அப்பதான் வீணை மாதிரி கம்பிய அமுக்கி சுரத்த அசைக்க முடியும். அப்புறம் கிரேட்ஃபுல் டெட் டிரம்மர் மிக்கி ஹார்ட் 1991ல செஞ்ச 'பிளானட் டிரம்' ஆல்பத்துலயும் விக்கு இருந்தார், அதுக்கு கிராமி கெடச்சுது. ஒரு மண் பானய மடியில வச்சு வாசிச்ச நம்ம மனுஷன ராக் டிரம்மர் தேடி வந்தார்னா, இதுல யாரோடது யாருக்குன்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தோணல. நம்ம ஊர்லயே ருத்ரான்னு ஒரு பேண்ட் 1992லேருந்து இருக்கு, கனமான மெட்டல் இசையில சமஸ்கிருத மந்திரத்த சேத்து வாசிக்கிறவங்க, ஆனா அது பழகின காதுக்குத்தான், பாட்டிக்கு வேணாம்.

வயசானவங்களுக்கு நீங்க போட்டுக் காட்டறத விட அவங்ககிட்ட கேக்கறதுதான் நல்ல வழி. 1961ல இங்கிலாந்து பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவரோட த ஷேடோஸ் பேண்டும் இங்க ஹேப்பி வேர்ல்டு பொழுதுபோக்கு பூங்காவுல வாசிச்சப்புறம் இங்க தெருவுக்குத் தெரு கிட்டார் பேண்ட் கிளம்புச்சு. 1964ல த குவெஸ்ட்ஸ்னு நம்ம ஊர் பேண்ட் வாசிச்ச 'ஷாண்டி' பாட்டு உள்ளூர் ஹிட் லிஸ்ட்ல பீட்டில்ஸ தள்ளிட்டு முதல் எடத்துக்கு வந்துச்சு. 1965 பிப்ரவரில ரோலிங் ஸ்டோன்ஸ் கிலமார்ட் ரோடு பேட்மிண்டன் ஹால்ல வந்து வாசிச்சாங்க. அப்புறம் 70கள்ல நீள முடிக்கு எதிரா அரசாங்கம் கடுமையா இருந்த காலம், ஆபீஸ்ல நீள முடி வச்ச ஆம்பளைங்களுக்கு கடைசியாத்தான் வேல நடக்கும்னு போஸ்டர் ஒட்டியிருந்த காலம், 1972ல லெட் செப்பெலின் இங்க வாசிக்க முடியாமப் போனதுக்கும் அந்த முடிதான் காரணம். பெரியப்பாகிட்ட "உங்க காலத்துல முடி வெட்டச் சொன்னாங்களாமே பெரியப்பா?"ன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்க, கேத்தே பக்கம் போனது, எந்த வீட்டு ரேடியோல யார் பாட்டு கேட்டாங்க, எந்த நண்பன் கிட்டார் வச்சிருந்தான்னு ஒரு மணி நேரம் ஓடும். அவர் பேசி முடிச்சப்புறம் அவர் சொன்ன பாட்டயே தேடிப் போடுங்க, உங்க லிஸ்ட் அன்னைக்கு வேணாம். தேசிய நூலகத்தோட நியூஸ்பேப்பர்எஸ்ஜில அந்தக் கால பத்திரிகைங்கள வீட்லேருந்தே தேடலாம், 1965 பிப்ரவரின்னு போட்டு அவரோட சேந்து பாருங்க.

வெளிய கூட்டிக்கிட்டு போகணும்னா எஸ்பிளனேட் மூணாவது மாடி லைப்ரரி இருக்கு, நிகழ்கலைக்குன்னே உள்ள லைப்ரரி, இசைக் கலைஞர்களோட வாழ்க்கை புத்தகங்க, இசைக்குறிப்பு எல்லாம் இருக்கும், அப்படியே கீழ எறங்கினா கடலோரத்துல ஓப்பன் ஸ்டேஜ்ல சாயங்காலம் காசில்லாம பேண்ட் வாசிப்பாங்க. பழைய ரெக்கார்ட் பாக்கணும்னா சிட்டி ஹால் பக்கம் அடெல்ஃபி ஷாப்பிங் மால்.

பாட்டு வரிங்களுக்கு அர்த்தம் கேட்டா வரிக்கு வரி சொல்லாதீங்க, யார் யார நினைச்சு பாடினதுன்னு மட்டும் சொல்லுங்க. தேக்கால ஞாயித்துக்கிழமை சந்திக்கிற அண்ணன் ஒருத்தர், புதுக்கோட்டை பக்கம், கட்டட வேல, இங்கிலீஷ் அவருக்கு வேல சம்பந்தப்பட்டது மட்டும் புரியும். அவருக்கு பிங்க் ஃபிளாய்டோட 'விஷ் யூ வேர் ஹியர்' போடும்போது நான் சொன்னது இவ்ளோதான், "அண்ணே, இவங்க கூட ஒண்ணா ஆரம்பிச்ச கூட்டாளி ஒருத்தர் மனசு சரியில்லாம பிரிஞ்சு போயிட்டாரு, அவர் இல்லாத எடத்த நினைச்சு பாடறாங்க." ஆரம்பத்துல ரேடியோ கரகரன்னு கேக்கும், அதுல ஒரு கிட்டார் தூரத்துல சன்னமா வரும், அப்புறம் இன்னொரு கிட்டார் பக்கத்துல உக்காந்து அதோட சேந்து வாசிக்கிற மாதிரி தெளிவா வரும். அண்ணன் அந்த எடத்த திரும்பப் போடச் சொன்னாரு. அவரு பதிலுக்கு அவங்க ஊர் திருவிழால வாசிச்ச பறை வீடியோ ஒண்ண காட்டினாரு, அத நான் முழுசா பாத்தேன், பாக்கணும், நாம குடுக்கறப்ப மட்டும் காது வேணும்னு எதிர்பாத்துட்டு அவங்க குடுக்கறப்ப ஃபோன பாத்துகிட்டிருந்தா அது பகிர்ந்துக்கறதே இல்ல.

புடிக்கலன்னு சொன்னா விட்டுடுங்க. ஒரு வாரத்துக்கு ஒரு பாட்டுக்கு மேல யாருக்கும் அனுப்பாதீங்க, அனுப்பும்போது லிங்கோட சேத்து எந்த எடத்துலேருந்து கவனிக்கணும்னு நிமிஷத்தையும் எழுதுங்க, "2:10லேருந்து டிரம்ஸ் மட்டும் கேளுங்க மாமா"ன்னு இருந்தா திறப்பாங்க.

கேட்டுக் கேட்டு வீட்ல ஒரு பிள்ளைக்கு வாசிக்கணும்னு ஆசை வந்துடுச்சுன்னா, உடனே வெல கூடின கிட்டார் வாங்க வேணாம், பெனின்சுலா ஷாப்பிங் சென்டர்ல கிட்டார் கடைங்க வரிசையா இருக்கு, கூட்டிக்கிட்டு போங்க, மடியில வச்சுப் பாக்கட்டும், கைக்கு அடங்கறது எதுவோ அது. கம்பி மெலிசா போட்டுத் தரச் சொல்லுங்க, ஐயோமி மெலிசு பண்ணின காரணமேதான், விரல் நோகாது. முதல் நாளே பல கம்பிய சேத்து அழுத்தற கார்டு கத்துக்குடுத்து அழ வைக்காதீங்க, டீப் பர்ப்பிள் 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' ஆரம்பத்த குடுங்க. 1971 டிசம்பர்ல சுவிட்சர்லாந்து மோன்ட்ரூல ரெக்கார்டிங்குக்குப் போன எடத்துல, இன்னொருத்தர் கச்சேரி நடந்த கசீனோ தீப்பிடிச்சு எரிஞ்சு, ஏரி மேல புகை படர்ந்தத பாத்து எழுதின பாட்டு, கதைய சொன்னா பிள்ளைக்கு இன்னும் ஆசை வரும். மூணாவது கம்பியும் நாலாவது கம்பியும் மட்டும் போதும், ரெண்டையும் ஒரே நேரத்துல விரலால கிள்ளச் சொல்லுங்க, டீப் பர்ப்பிள் கிட்டாரிஸ்ட் ரிச்சி பிளாக்மோரும் இத பிளெக்ட்ரம் இல்லாம விரலாலதான் வாசிக்கிறார். அழுத்தாம ஒருதடவ, அப்புறம் கிட்டார் கழுத்துல மூணாவது கட்டம், அதாவது ஃப்ரெட், அப்புறம் அஞ்சாவது கட்டம். திரும்ப அழுத்தாம, மூணு, ஆறு, அஞ்சு. திரும்ப அழுத்தாம, மூணு, அஞ்சு, மூணு, அழுத்தாம. மெதுவா, ஒரே ஒரு விரல படுக்கப் போட்டு ரெண்டு கம்பியையும் சேத்து அழுத்தினா போதும், அன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள வந்துடும்.